திரும்பி வராதோரும் காத்திருந்தோரும்: சயாம் மரண இரயில்வேயும் வட சிலாங்கூர்த் தோட்டக் குடும்பங்களின் உளத் தற்காப்பும்

கோலசிலாங்கூரை அடுத்த கம்போங் குவாந்தானுக்கு இன்று செல்வோர், சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் ஒளிரும் மின்மினிகளைக் காணவே பெரிதும் செல்கின்றனர். அதன் சுற்றுவட்டாரத்தில் புக்கிட் ரோத்தான் தொடங்கிப் பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) வரை பரந்திருந்த தோட்டங்களில் பல தலைமுறைத் தமிழர் ரப்பரை நம்பி வாழ்ந்தனர். சப்பானியர் ஆட்சிக்காலத்தில் சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்தும் சயாமுக்கு ஆட்கள் சென்றனர். சென்றோர் பட்ட பாடு ஓரளவு எழுதப்பட்டுள்ளது. லயங்களில் காத்திருந்தோர் அத்துயரை எவ்வாறு தாங்கினர் என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

சயாம்–பர்மா இரயில்பாதை 415 கிலோமீட்டர் நீளமுடையது. 1942இல் தொடங்கிய பணி 1943 அக்டோபரில் நிறைவுற்றது. நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, சில மாத வேலை என்னும் வாக்குறுதியோடு ஆள்சேர்ப்பு தொடங்கிற்று. போனவர் திரும்பாமையால் மக்கள் ஐயுற்றபோது, தோட்டந்தோறும் இத்தனை பேர் என்று கணக்கு விதிக்கப்பட்டது. வற்புறுத்தலும் வஞ்சனையும் தொடர்ந்தன. மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோர் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவருள் பெரும்பான்மையோர் தோட்டத் தமிழர். மாண்டோர் தொகையில் ஆய்வாளர் வேறுபடுவர். பல்லாயிரவர் என்பதில் வேறுபாடில்லை. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க் கைதிகள் துயில்கின்றனர். அவருள் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் உண்டு. தமிழர்க்கோ அத்தகைய கல்லறை இல்லை; இறந்த நாளும் குடும்பத்தாருக்குத் தெரிவிக்கப்படவில்லை.

மனம் தாங்கொணா எண்ணத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் என்னும் கருத்தைச் சிக்மண்ட் பிராய்டு 1894இல் முன்வைத்தார். அவர் மகள் அன்னா பிராய்டு 1936இல் அத்தற்காப்பு முறைகளை வகைப்படுத்தினார். ஜார்ஜ் வேலண்ட் 1977இல் அவற்றை முதிர்ந்தவை, முதிராதவை எனத் தரம் பிரித்து, புறவுலக மெய்ம்மையை மறுத்தலைக் கடைநிலையில் வைத்தார். இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், பல்லாண்டு தாலியைக் கழற்றாது காத்திருந்த பெண்ணை ‘மறுப்பு’ நிலையினள் என்றே கூற வேண்டிவரும். அஃது எனக்கு உடன்பாடன்று. மறுப்பதற்கு முதலில் மெய்ம்மை கைக்கு எட்டியிருத்தல் வேண்டும். உடலோ கடிதமோ சான்றிதழோ எதுவும் வந்து சேராதபோது அவள் மறுத்தது எதனை? பாலின் பாஸ் என்னும் அறிஞர் இத்தகைய இழப்பைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்பார். அப்பெயரே இங்குப் பொருந்தும்.

நம் மரபில் துயரம் சடங்கின் வழியே நகர்வது. எடுத்தல், எரித்தல் அல்லது புதைத்தல், பதினாறாம் நாள், ஆண்டுத் திதி எனப் படிகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் உறவினர் உடன் நிற்பர். சயாமுக்குப் போனவர்க்கு முதற்படியே இல்லை. திதி அறியாதோர்க்கு ஆடி, மகாளய அமாவாசைகள் உண்டெனினும், அவ்வழிபாட்டில் ஒருவரைச் சேர்ப்பது அவர் இறந்தார் என்று குடும்பம் தானே தீர்ப்பளிப்பதாகும். தீபாவளிக்கு முன்னர் முன்னோர்க்கு இடும் படையலிலும் இச்சிக்கல் உண்டு. இலையில் அவருக்குப் பிடித்த பண்டத்தை வைத்தால் அவரைக் கைவிட்டதாகும். வையாதொழிந்தாலோ இறந்தவரைப் பட்டினி போட்டதாகும். அப்பெண் சுமங்கலியா, கைம்பெண்ணா என்பதற்குச் சாத்திரத்தில் விடை தேடுவது வீண். பூவும் பொட்டும் அணிந்து பால்மரம் வெட்டப் போவதே அவள் நாளும் அளித்த விடை. 1950க்குப் பின் பிரிக்ஸ் திட்டத்தின்கீழ்த் தோட்ட லயங்கள் பலவும் இடம் மாற்றப்பட்டு வேலிக்குள் அடக்கப்பட்டன. வருபவர் பழைய இடத்தில் தேடினால் யார் வழிகாட்டுவது என்னும் கவலையும் அதனோடு சேர்ந்திருக்கும்.

இனி, ‘தலையெழுத்து’ என்னும் சொல். தோட்ட மக்களின் ஊழ் நம்பிக்கையைச் செயலின்மைக்குச் சான்றாகக் காட்டுவது ஆய்வாளரிடையே பழகிப்போன வழக்கம். வகுப்பறையிலும் அதுவே எதிரொலிக்கிறது. ஆனால் ஆட்களின் பெயர்ப்பட்டியலைத் தந்தவர் யார்? மேலிட ஆணைக்கு அஞ்சிய கிராணியும் கங்காணியுமே பலவிடத்தும் அதனைச் செய்தனர். போர் முடிந்தபின் பட்டியலிட்டவர் சிலரும் பட்டியலில் போனவரின் மனைவியும் அதே தோட்டத்தில், அதே பிரட்டுக் களத்தில் விடியற்காலையில் நின்றனர். பழியை அவர்மேல் சுமத்தினால் மறுநாள் வேலை ஏது, அரிசி ஏது? பழியைத் தன்மேல் ஏற்றால், ‘நான் தடுத்திருக்கலாமே’ என்னும் குமைச்சல் உயிரை அரிக்கும். தலையெழுத்து என்றபோது பழி இருவரையும் விட்டு விலகியது. இதனை அறியாமை என்பதைவிட, ஒரே லயத்தில் வாழ்ந்தாக வேண்டியோர் கண்ட உடன்பாடு எனல் பொருந்தும். அதற்கு அவர்கள் கொடுத்த விலை, யார் அனுப்பினார் என்பதைப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமை.

மீண்டு வந்தோரும் பெரும்பாலும் வாய் திறவாதிருந்தனர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இலும் அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ 2005இலும் வெளிவந்தன. பாதை முடிந்ததற்கும் முதலாவதற்கும் இடையே ஐம்பது ஆண்டுகள். அதற்குள் பட்டியலிட்டவருள் பலர் மறைந்திருப்பர், காத்திருந்தவருள்ளும் பலர்.