பெருங்கலைஞர் யார்? – ஜாஸ் இசையில் ஒரு வழக்கு

உழைப்பவர் கூடி வாழும் இடத்தில் இசை பிறவாமல் இராது. பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் அம்மரம் பெருந்தோட்டங்களாகப் பரவியபோது, பால்மரம் சீவ வந்த தமிழரிடையே தப்பும் உருமியும் ஒலித்தன. அமெரிக்காவின் தென்பகுதியிலோ, பருத்தித் தோட்டங்களில் அடிமைப்பட்டு உழைத்த ஆப்பிரிக்க மக்கள் வேலைப் பாட்டும் வழிபாட்டுப் பாட்டும் வளர்த்தனர். அங்கு அடிமை முறை 1865-இல் ஒழிந்தது. அப்பாட்டுகளின் வழித்தோன்றலாக, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லின்ஸ் நகரில் உருப்பெற்றதே ஜாஸ் இசை.

திருவிழா முடிந்த மறுநாள், எவருடைய மேளம் சிறந்தது என வாதிடுவது தோட்டத்துத் தமிழர்க்குப் புதிதன்று. ஜாஸ் உலகிலும் 1955-இல் அத்தகைய வாதம் ஒன்று எழுந்தது. வழக்குக்கு உரியவர் பியானோக் கலைஞர் ஆர்ட் டேட்டம்.

டேட்டம் 1909-இல் ஒகையோ மாநிலத்து டொலிடோ நகரில் பிறந்தார். ஒரு கண்ணில் பார்வையில்லை. மற்றதிலும் மங்கிய பார்வையே. ஆயினும் அவர் விரல்களின் விரைவுக்கு ஈடாகச் சொல்லத்தக்கவர் அரியர். 1953 முதல் நார்மன் கிரான்ஸ் என்பார் அவருடைய தனி வாசிப்புகளை நூற்றுக்கு மேல் ஒலிப்பதிவு செய்து வெளியிட்டார். அவற்றைக் கேட்ட பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஆந்த்ரே ஒடேர், ‘டவுன் பீட்’ இதழில் குறை கண்டு எழுதினார். டேட்டம் பலரும் அறிந்த பாட்டுகளையே எடுத்துக்கொள்கிறார். அவற்றின் மெட்டை விட்டு விலகாமல் அணி செய்கிறாரேயன்றிப் புது மெட்டுப் படைக்கவில்லை என்பது அவர் கருத்தின் சாரம். பியானோக் கலைஞர் பில்லி டெய்லர் அதே இதழில் மறுப்பு எழுதினார்.

நம் இசையரங்கை அறிந்தவர் இவ்வழக்கை எங்ஙனம் நோக்குவர்? கீர்த்தனையின் ஒரே வரியைப் பற்றி நின்று பலவாறு விரித்துப் பாடுவது நிரவல். வரி பழையது, விரிவு புதியது. அதைக் கற்பனை அன்று என்பாருண்டோ? டேட்டமும் மெட்டைக் காத்துக்கொண்டே, அதற்கு அடியில் ஒலிக்கும் சுரக்கூட்டுகளை எதிர்பாராத வகையில் மாற்றினார். ஆதலின் புது மெட்டு ஒன்றையே அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது.

எனினும் ஒடேரின் கேள்வி வீணன்று. விரைவும் அணியுமே பெருமை ஆகுமா? இதற்கு விடையாக நிற்பவர் தெலோனியஸ் மாங்க் (1917–1982). சில சுரங்கள், இடையே நீண்ட மௌனம், செவிக்கு முரணாகத் தோன்றும் கூட்டு, இவையே அவர் முறை. வாசிக்கத் தெரியாதவர் என்றுகூட அவரைத் தொடக்கத்தில் இகழ்ந்தனர். 1964-இல் ‘டைம்’ வார இதழ் அவர் படத்தை அட்டையில் வெளியிட்டது. பெருக்கிச் சொன்னவர் டேட்டம். சுருக்கிச் சொன்னவர் மாங்க். ஒருவர் புகழ் மற்றவர் புகழைக் குறைக்கவில்லை.

மாங்கின் இசையால் ஆழ்ந்து ஈர்க்கப்பட்டோருள் ஒருவர் விஜய் ஐயர். தமிழ்ப் பெற்றோர்க்கு 1971-இல் அமெரிக்காவில் பிறந்த இவர், பியானோவைப் பெரும்பாலும் தாமே பயின்றார். கருநாடக இசையின் தாளக் கணக்குகளையும் தம் இசையில் ஆண்டார். 2013-இல் மெக்கார்தர் நிறுவனத்தின் நல்கை பெற்றார்; 2014-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

டேட்டம் 1956-இல் மறைந்தார். வழக்கு இன்னும் முடியவில்லை, முடியவும் வேண்டுவதில்லை. ஒருவர் குறை கூற, ஒருவர் மறுக்க, கேட்போர் மீண்டும் இசைத்தட்டைச் சுழற்றினர். தோட்டத்தில் வேர்விட்ட கலை உலகக் கலையானதற்கு இசைத்தட்டும் எழுத்தும் பெருந்துணை புரிந்தன.

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பலவும் இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கே தப்பும் உருமியும் முழக்கியோர் பலரைப் பற்றிய வாதம் அன்றே காற்றோடு போயிற்று, எழுத்தில் ஏறவில்லை. அவர்களின் வாசிப்பைக் கேட்ட முதியோர் இன்னும் சிலர் உளர். எவர் சிறந்தவர் என்று அவர்களைக் கேட்டு, அவர்கள் மாறுபட்டுச் சொல்வதையெல்லாம் எழுதி வைத்தல் வேண்டும். தமிழிசை வரலாற்றில் அதுவும் ஓர் ஏடாகும்.