சில்லுக்குப் பின்னால் இருந்த கைகள்: அ. சிவானந்தனை நினைத்து

புல்மோட்டைக் கரையில் மணல் கறுப்பு. ஈரக்காலில் ஒட்டினால் பென்சில் தூள் போல மினுங்கும். குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் கிடக்கும் இந்த இல்மனைற் மணலைப் பல பத்தாண்டுகளாகக் கப்பலேற்றுகிறோம். வெளிநாட்டில் அதிலிருந்து எடுக்கும் வெள்ளை நிறமி பெயின்ற் டின்னுக்குள் திரும்பி வருகிறது. கணினிச் சில்லு செய்யும் மணல் வேறு. ஆனாலும் அம்பலவாணர் சிவானந்தனை வாசிக்கும்போதெல்லாம் இந்தக் கரைதான் எனக்கு நினைவில் எழும்.

1923இல் கொழும்பில் பிறந்தவர், வேர் சண்டிலிப்பாய். பொருளியல் படித்து, மலையகத்தில் கற்பித்து, வங்கி முகாமையாளராகவும் இருந்தார். தமிழருக்கு எதிரான 1958 கலவரம் அவரை லண்டனுக்குத் துரத்தியது. அங்கே அந்த வங்கியாளருக்குக் கிடைத்தது ஒரு நூலகத்தில் தேநீர் கொடுக்கும் வேலை. நூலகவியல் படித்து, 1964இல் இன உறவுகள் நிறுவனத்தின் தலைமை நூலகரானார். பின்னர் அதன் இயக்குநர். 1974இல் அதன் ஆய்விதழுக்கு ‘ரேஸ் அண்ட் கிளாஸ்’ என்று பெயர் மாற்றினார்.

அவ்விதழில் 1979இல் வந்தது சிலிக்கன் யுகத்து ஏகாதிபத்தியம் பற்றிய அவருடைய கட்டுரை. நுண்செயலி சந்தைக்கு வந்து எட்டே ஆண்டுகள். வீடுகளில் கணினி அரிது. இயந்திரத்தின் வேகத்தைப் பலரும் வியந்துகொண்டிருந்தபோது, இவர் அதைப் பொருத்தும் கைகளைத் தேடிப்போனார். மலேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் இளம்பெண்கள் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, மயிரிழைக் கம்பிகளைச் சில்லில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மேற்கில் முதலுக்குத் தொழிலாளி தேவையற்றுப் போவதும், கிழக்கில் மலிவான கூலி கிடைப்பதும் ஒரே கதை என்றார். முந்தின ஆண்டுதான் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்திருந்தது!

இப்படி வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட முதலாளித்துவத்துக்கு அவர் வைத்த பெயரை ‘ஒட்டா வளர்ச்சி’ என்று தமிழில் சொல்லலாம். பொருளாதாரம் ஒருபக்கம் ஓடும். பண்பாடும் அரசியலும் வேறுபக்கம் இழுபடும். ஆகவே கோபம் தொழிற்சாலைக்குள் அடங்காமல் சமயமாகவும் தெருவிலும் வெடிக்கும். ஈரானை வைத்து அவர் இதை விளக்கினார்.

தொழில்நுட்பத்துக்கு அளவுக்கு மீறிய வலிமையைக் கொடுத்துவிட்டார் என்ற குறை உண்டு. எனக்கும் அது ஓரளவு சரியாகவே படுகிறது. அதே கருவியைக் கீழிருப்பவன் கையாளும் விதத்துக்கு அவரிடம் இடம் குறைவு. 1997இல் வந்த அவருடைய நாவலில்தான் அந்த மனிதர்கள் நன்றாக மூச்சுவிடுகிறார்கள். 2018இல் காலமானார்.

இன்று புல்மோட்டையில் கரைவலை இழுத்த கையோடு இளைஞர்கள் கைபேசியில் கொழும்பு விலையைப் பார்த்துவிடுகிறார்கள். விலை திரையில் தெளிவாகத் தெரிகிறது. மீன் என்னவோ, வலைக்கு முற்பணம் தந்த முதலாளியின் கூலர் லொறியில், அவர் சொன்ன விலைக்குத்தான் ஏறுகிறது.