கைக்குழந்தையும் கூடும் சுற்றமும்

தமிழ்க் குடும்பங்களில் பிறந்த குழந்தையைச் சுற்றத்தார் கூடும் இடத்துக்கு உடனே தூக்கிச் செல்லும் வழக்கம் முற்காலத்தில் இல்லை. சுற்றமே குழந்தையைத் தேடி வந்தது, அதுவும் குறித்த நாள்கள் கழிந்த பின்னரே வந்தது. பிள்ளை பிறந்த வீட்டின் பழைய சித்திரங்களுள் ஒன்றை நற்றிணையின் 40ஆம் பாடல் காட்டுகிறது. மணியோசை கேட்கும் காவல் மனையில் மணல் பரப்பிய பந்தரின் கீழ்ப் பாணர் காவல் நிற்க, மெல்லிய துணி விரித்த அணையில் புதல்வன் செவிலியோடு உறங்க, ஐயவி எனப்படும் வெண்சிறுகடுகை அணிந்து நெய்யாடிய தாய் கண்ணயர்ந்திருக்கிறாள். பிறந்த வீட்டின் வாசலுக்குக் காவல் வேண்டும் என்ற எண்ணம் தமிழரிடம் எத்துணைத் தொன்மையானது என்பதற்கு இதுவே சான்று.

பிற்காலத்தில் அக்காவலின் இடத்தைத் தீட்டு, அதாவது பேறு நிகழ்ந்த வீட்டாரைப் பிறரிடமிருந்து சில நாள் விலக்கிவைக்கும் முறை, எடுத்துக்கொண்டது. சாதிக்கும் ஊருக்கும் ஏற்ப அதன் நாள்கணக்கு வேறுபட்டது. வெளியே சென்று வந்தவர் கால் கழுவாமல் பிள்ளையைத் தொடலாகாது, இழவு வீட்டிலிருந்து திரும்பியவர் தலைமுழுகிய பின்னரே அதனருகே வரலாம், அம்மை கண்டு வேப்பிலை செருகிய வீட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுபோகலாகாது என்ற விதிகள் கண்ணேறு, தோஷம் ஆகிய அச்சங்களின் பெயரால் சொல்லப்பட்டாலும், தொற்றைத் தள்ளிநிறுத்தும் பயனும் அவற்றுக்கு இருந்தது. ஆயினும் இம்முறையைப் போற்றிப் பாடுவதற்கில்லை. பேறுகால உதிரத்தை அசுத்தமென்று கருதியே அது நின்றது, பல வீடுகளில் தாயைக் காற்றோட்டமில்லாத அறையில் அடைத்து, தண்ணீரைக்கூட அளந்து கொடுத்தது.

திருமாலின் ஐந்து படைக்கலங்களின் உருவைக் கோத்த ஐம்படைத்தாலியைக் குழந்தைக்கு அணிவித்ததும், பிள்ளைத்தமிழ் நூல்கள் தெய்வங்களைக் காவலுக்கு அழைக்கும் காப்புப் பருவத்தை முதலில் வைத்ததும் அதே கவலையின் வேறு வடிவங்களே. அவற்றால் குழந்தைக்கு நோய் வருவதில்லை. பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ குழந்தையின் நாவில் தொட்டுவைக்கும் சேனை வைத்தல் அப்படிப்பட்டதன்று. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேனிலுள்ள நுண்ணுயிர் வித்துகளால் தசைகளைத் தளர்த்தும் கொடிய நோய் வரக்கூடும் என்பது 1970களில் தெளிவானது; பார்க்க வந்தவர்களின் விரல்கள் குழந்தையின் வாய்க்குள் செல்வதும் தனி ஆபத்து. இவ்வழக்கம் கைவிடப்பட வேண்டியதே.

1985இல் இந்தியாவில் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் தொடங்கிய பின்னர், தீட்டு நாள்களைக் காட்டிலும் ஊசி நாள்கள் பொருளுடையவை ஆயின. கக்குவான் இருமல் உள்ளிட்டவற்றுக்கான முதன்மைத் தவணைகள் 6, 10, 14ஆம் வாரங்களில் போடப்படுகின்றன. தட்டம்மைக்கான முதல் ஊசி 9 மாதம் நிறைந்த பிறகே வருகிறது. ஆகவே பிறந்த சில வாரங்களில் நெரிசல் மிகுந்த திருமண மண்டபத்தைத் தவிர்ப்பது பழைய வழக்கத்துக்கும் இன்றைய மருத்துவத்துக்கும் ஒத்த செயல். போயே தீர வேண்டுமெனில், தூக்க விரும்புவோர் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும், சளியோ காய்ச்சலோ உள்ளவர் எட்ட நின்றே பார்க்க வேண்டும், எவரும் குழந்தையின் முகத்தில் முத்தமிடலாகாது. இவற்றைச் சொல்லத் தயங்கும் இளந்தாய்க்காக வீட்டுப் பெரியவர்களே முன்வந்து பேச வேண்டும்.