கல்லூரிச் சம்பளம்: திருவண்ணாமலையும் உயர்கல்விச் செலவும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையில் ரமணாசிரமம் அமைந்துள்ளது. அதன் வரலாற்றின் தொடக்கத்தில் கட்டப்படாத ஒரு கல்லூரிக் கட்டணம் இருக்கிறது. கல்லூரிச் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு அன்று முதல் குடும்பம், அரசு, வங்கி என மூன்று விடைகள் அடுத்தடுத்து வந்துள்ளன.

ஐந்து ரூபாய்

பின்னாளில் ரமண மகரிஷி எனப்பட்ட வேங்கடராமன் 1879இல் திருச்சுழியில் பிறந்தார். தந்தை சுந்தரம் ஐயர் 1892இல் இறந்தபின், அவரும் அண்ணன் நாகசாமியும் மதுரையில் சிற்றப்பா சுப்பையர் வீட்டில் தங்கிப் படித்தனர். 1896 ஆகஸ்ட் 29 அன்று, சிறப்பு வகுப்புக்குப் போவதாகச் சொன்ன தம்பியிடம், பெட்டியில் உள்ள ஐந்து ரூபாயை எடுத்துத் தன் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடுமாறு அண்ணன் கூறினார். கட்டணத்தைச் ‘சம்பளம்’ என்பது அன்றைய வழக்கு.

வேங்கடராமன் ரயில் செலவுக்கு மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டார். மீதி இரண்டு ரூபாயுடன் ஒரு குறிப்பை எழுதி வைத்துவிட்டுப் புறப்பட்டார். அண்ணனின் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்பதையும் அதில் மறவாமல் தெரிவித்திருந்தார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தார்.

துறவு வரலாறாகவே அறியப்படும் இந்நிகழ்ச்சி அக்காலக் கல்விச் செலவுக்கும் சான்றாகிறது. தந்தையை இழந்த மாணவனின் கல்லூரிச் சம்பளம் உறவினர் வீட்டுப் பெட்டியிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. அத்தகைய உறவினர் இல்லாதவர்களுக்கும், சாதியால் கல்வி மறுக்கப்பட்டவர்களுக்கும் கல்லூரி எட்டாத இடமாகவே இருந்தது.

அரசின் பங்கு

பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகையை இந்திய அரசு 1944இல் தொடங்கியது. காமராசர் முதலமைச்சராக இருந்த 1954–1963 காலத்தில் கட்டணமில்லாப் பள்ளிக் கல்வியும் மதிய உணவும் விரிவடைந்தன. பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் பெருகியதால் சிறு நகரங்களுக்கும் கல்லூரிகள் தேவைப்பட்டன. திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரி 1966இல் தொடங்கப்பட்டது. உள்ளூரிலேயே கல்லூரி வந்தது சுற்றுவட்டார மாணவர்களுக்கு விடுதிச் செலவைக் குறைத்தது. அரசு கலைக் கல்லூரிகளில் கற்பிப்புக் கட்டணமும் பின்னர் நீக்கப்பட்டது.

வங்கிக் கடன்

தொழிற்படிப்பு வேறு வழியில் சென்றது. தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 1984இல் அனுமதி அளிக்கப்பட்டது. இடங்கள் பெருகின, செலவு மீண்டும் குடும்பத்தின் தலையில் விழுந்தது. நன்கொடை வசூலைத் தடுக்க 1992இல் மாநில அரசு சட்டம் இயற்றியது.

2001இல் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் வந்தது. அதன்படி ரூ.4 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டு வரையிலும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். எடுத்துக்காட்டாக, நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுத் தொடக்கத்தில் ரூ.1 லட்சம் வீதம் 10 விழுக்காடு தனிவட்டிக்குப் பெற்றால், முதல் தவணைக்கு முன்பே வட்டி மட்டும் ரூ.1.40 லட்சமாகும். இந்த இடைக்கால வட்டியை, பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்கு மிகாத தொழிற்படிப்பு மாணவர்களுக்கு நடுவண் அரசே ஏற்கும் திட்டம் 2009–10 கல்வியாண்டில் தொடங்கியது.

இன்றைய நிலை

தமிழ்நாட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை 2010–11இல் நடைமுறைக்கு வந்தது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்படிப்பில் சேர்பவருக்கே இது கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்பவருக்குக் கிடைக்காது. குடும்பத்தில் அண்ணன் பட்டதாரியாகிவிட்டால் தம்பி இதைக் கோர முடியாது. பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டம் 2021இல் வந்தது. இந்த இடங்களில் சேர்பவர்களின் கற்பிப்பு, விடுதிக் கட்டணங்களை அரசு செலுத்துகிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024இல் வந்தது. இரண்டிலும் பணம் மாணவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே செல்கிறது.

எனவே இன்று கல்லூரிச் செலவு என்பது ஒரே தொகை அன்று. எந்தக் கல்லூரி, எந்த ஒதுக்கீடு, எந்தப் பள்ளிப் பின்னணி என்பதைப் பொறுத்து, ஒரே வகுப்பில் படிக்கும் இருவரில் ஒருவர் கட்டணமின்றிப் படிக்கலாம். மற்றவர் கடனோடு வெளியேறலாம். 1896இல் சம்பளம் பாக்கி என்றால் அது வீட்டாரின் பாக்கி. கல்விக்கடனில் அது மாணவரின் பெயரிலேயே எழுதப்படுகிறது. சேர்க்கைக்கு முன்பே இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது, மதிப்பெண்ணைப் போலவே, படிப்பின் போக்கைத் தீர்மானிக்கிறது.