போடி மலையின் இருபுறமும் ஒரே பிழைப்பு



போடிநாயக்கனூரிலிருந்து ஏறும் மலைப்பாதை போடிமெட்டைத் தாண்டியதும் கேரளத்தினுள் நுழைகிறது. இன்று அது இரு மாநிலங்களின் எல்லை. 1947க்கு முன்போ இப்பால் ஆங்கிலேயரின் சென்னை மாகாணம். அப்பால் திருவிதாங்கூர் மன்னரின் நாடு. ஆட்சி வேறு, நாணயம் வேறு. அவ்வாறிருந்தும் 1865ஆம் ஆண்டின் வணிக ஒப்பந்தம், புகையிலை போன்ற சிலவற்றைத் தவிர, தரைவழிச் சரக்குகளில் பெரும்பாலானவற்றுக்குச் சுங்கத்தை நீக்கியது.

இதனால் விளைந்தது என்ன? ஏலக்காய் கீழே இறங்கியது. அரிசியும் ஆட்களும் மேலே ஏறினர். மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடியை அடைந்தது. அந்நிய நாட்டின் விளைபொருளுக்கு நம் ஊரே வாசலாயிற்று!

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் மிகுந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அந்த மனத்தாங்கல் சிறியதன்று. ஆயினும் கோடு எங்கே விழவேண்டும் என்பதில் தோற்றவர்களுக்கு, அதைக் கடக்கும் உரிமை மிஞ்சியது. பகை முற்றாமல் காத்தது அதுவே என்பது என் கருத்து.

திறந்த எல்லை இருந்தால் பூசலே வராது என எண்ணிவிட வேண்டாம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை முற்றியபோது மலைப்பாதைகள் முடங்கின. தோட்டத் தொழிலாளர்கள் அஞ்சி இறங்கி வந்தனர். இங்கோ மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அதுவோ அறுவடைக் காலம். ஏலச்செடியின் சரத்தில் காய்கள் ஒருசேர முற்றுவதில்லை. ஏறக்குறைய மாதத்திற்கொரு முறை பறித்தாக வேண்டும். பறிக்கும் கை கீழே, காய் மேலே! கூலி இழந்தவர் தமிழர். காய் இழந்தவர் தோட்டக்காரர். மிம்பரில் அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். அண்டை மலையாரின் ஹக்கைப் பற்றிப் பேசியவர் எத்தனை பேர்?

ஒரே நாட்டிற்குள் இது இயல்புதானே என்பீர்கள். நேபாளத்தைப் பாருங்கள். 1950ஆம் ஆண்டு உடன்படிக்கை முதல் இரு நாட்டு மக்களும் கடவுச்சீட்டின்றியே போய்வருகின்றனர். 2015இல் அவ்வெல்லையில் சரக்குகள் மாதக்கணக்கில் தடைபட்டு, எரிபொருளும் மருந்தும் அங்கே அரிதாயின. இந்தியாவின்மீது அம்மக்களுக்கு உண்டான கசப்பு, லாரிகள் மீண்டும் ஓடியதும் தீர்ந்துவிடவில்லை.

நம் மலையில் 2020இன் கொரோனா முடக்கமும் பாதையை அடைத்தது. பின்னர் ஜீப்புகள் மீண்டும் ஏறின. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் இப்பால் போடியிலும் அப்பால் புற்றடியிலும் நடைபெறுகிறது.