நீரை ஊற்றிய கைகள்

மீன்தொட்டியின் வரலாற்றைத் தேடினால் முதலில் எதிர்ப்படுவது ஓர் ஆணின் பெயர். 1854இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் ‘அக்வேரியம்’ என்ற சொல்லை நிலைநிறுத்தியது. அதையொட்டி இங்கிலாந்தின் வசதியான வீடுகளில் மீன்தொட்டி வைப்பது பெரும் மோகமாயிற்று. பெயர் சூட்டியவரை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. நீர் கெடாமல் பார்த்துக்கொண்டவர்களை அது அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. என் அக்கறை அவர்கள்மேல்தான்.

காஸின் நூலுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, சிசிலித் தீவின் மெசினாவில், கடலுயிர்களை உயிரோடு வைத்து ஆராயக் கண்ணாடித் தொட்டி செய்தவர் ழான் வில்ப்ரூ-பவர். 1794இல் பிரான்சில் பிறந்தவர். பாரிசில் தையல் வேலை செய்து பிழைத்தவர். ஆர்கனாட் என்னும் எண்காலி தன் மெல்லிய ஓட்டைத் தானே உருவாக்குகிறதா, வேறோர் உயிரிடமிருந்து எடுத்துக்கொள்கிறதா என்பது அன்றைய அறிஞர்களின் வழக்கு. 1832 முதல் அவர் தொட்டிகளிலும் கடலில் இறக்கிய கூண்டுகளிலும் அதை வளர்த்துப் பார்த்தார். ஓட்டை உடைத்துவிட்டால் அது தானே சரிசெய்துகொள்வதைக் கண்டார். வழக்கு தீர்ந்தது. அந்த ஓட்டைக் கட்டுவது பெண் ஆர்கனாட் மட்டுமே, தன் முட்டைகளைக் காப்பதற்காக. தையல்காரி ஒருத்தி இதை நிறுவினாள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

மெசினாவில் கடல் பக்கத்திலேயே இருந்தது. லண்டனில் இருந்த அன்னா தின்னுக்கு அந்த வசதி இல்லை. 1846இல் டார்கீ கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளங்களை, ஊசி நூலால் ஒரு பஞ்சில் பொருத்தி, லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடல்நீரை அடிக்கடி வரவழைப்பது இயலாதபோது, இருந்த நீரையே உயிர்ப்பிக்க வழி தேடினார். திறந்த சன்னலருகே நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நீரை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். நாம் டீ ஆற்றுகிற அதே செயல்தான். விழும் நீர் காற்றை அணைத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் அதில் கரைகிறது.

ஊற்றியவர் யார்? வீட்டு வேலைக்கிருந்த ஒரு சிறுமி. 1859இல் வெளியான தன் கட்டுரையில் அன்னா அவளைக் குறிப்பிடுகிறார்: களைப்பூட்டும் வேலைதான், ஆனாலும் அவள் அதை ஒரு விளையாட்டாகவே எண்ணினாள் என்ற பொருளில். எஜமானியின் பெயர் கட்டுரையில் இருக்கிறது. பவளங்கள் பெருகிய விவரம் இருக்கிறது. சிறுமியின் பெயர் இல்லை. அவளுக்குக் கை வலித்ததா என்பதை அவள் வாயால் கேட்க வழியில்லை. பெண்களின் வரலாற்றை மீட்கிறோம் என்று அன்னாவோடு நின்றுவிட்டால், மீட்பு பாதியில் நிற்கிறது.

அந்தக் கைகளின் வேலையைப் பிறகு ஒவ்வொன்றாக வேறு எவையோ ஏற்றன. அன்னாவே 1847இல் கடற்பாசிகளைத் தொட்டியில் இட்டார். ஒளியில் அவை ஆக்சிஜனை வெளியிடும். வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1849இல் தங்கமீன்களோடு வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியை வைத்தார். இலைகள் அழுகின, கண்ணாடியில் பாசி படர்ந்தது. குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டார். அவை அழுகலையும் பாசியையும் மேய்ந்தன, அவற்றின் முட்டைகள் மீன்களுக்கு உணவாயின. வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட் 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் அமைத்த காட்சியகத்தில் நீராவி எந்திரம் நீரைச் சுழற்றியது. தரைக்கடியில் இருட்டில் பெரும் நீர்த்தேக்கம். ஒளி படாத இடத்தில் பாசி வளராது.

இன்று சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்று கேட்டால் ஒரு மீனைத் தருவார்கள். தென்னமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த சக்கர் மீன். வாங்கிவிட்டால் தொட்டியைக் கழுவவே வேண்டாம் என்று நம்புகிறோம். அது பாசியைச் சுரண்டும், உண்மைதான். ஆனால் மற்ற மீன்களின் கழிவை அது தின்பதில்லை. தானும் ஏராளமாகக் கழிக்கிறது, ஓர் அடிக்கு மேலும் வளர்கிறது. சிறு தொட்டிக்குச் சிறிய ஓட்டோசின்க்ளஸ் மீன்களோ நெரைட் நத்தைகளோ பொருந்தும். வளர்ந்துவிட்ட சக்கரை ஏரியில் விட்டுவிடுபவர்களால் நம் நீர்நிலைகளில் அது பெருகி, நாட்டு மீன்களுக்கு இடமில்லாமல் செய்கிறது.

கழிவிலிருந்து வரும் அமோனியாவை, ஃபில்டரில் குடியேறும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவற்றுக்கும் ஓடும் நீரும் ஆக்சிஜனும் வேண்டும். எஞ்சும் நைட்ரேட் மீண்டும் பாசிக்கு உரம். ஆகவே எத்தனை சுத்தக்கார மீன்களை விட்டாலும், எவ்வளவு நல்ல மோட்டார் ஓடினாலும், வாரந்தோறும் கொஞ்சம் பழைய நீரை எடுத்துவிட்டுப் புதுநீர் ஊற்றத்தான் வேண்டும். தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் தொட்டி கிடையாது. அப்படிப்பட்ட வீடும் கிடையாது.

என் மாணவிகளிடம் பழைய நூல்களை வாசிக்கும்போது செயப்பாட்டு வினைகளைக் கவனிக்கச் சொல்வேன். ‘நீர் மாற்றப்பட்டது’, ‘அறை துடைக்கப்பட்டது’ என்று வரும் இடங்களில் நின்று எழுவாயைத் தேடுங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு பெண் இருப்பாள், கையில் வாளியோடு.