பெட்டியைத் தூக்கிக் கொடுத்தவர்கள்

கல்லூரி திறக்கும் முன் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியப் பிள்ளைகள் திருச்சி எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டு முன்னறையில் கூடுவார்கள். புதிதாகச் சேருகிறவர்களை எப்படி வரவேற்பது என்பதே பேச்சு. நான் பழைய கதையிலிருந்து தொடங்குவேன்.

திருச்சியின் கிறிஸ்தவக் கல்விப்பணிக்கு வயது அதிகம். 1762-இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் இங்கே வந்தார். 1883-இல் புனித வளனார் கல்லூரி நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தது. மாணவர்களே நடத்தும் ஊழியம் பிந்தியது. 1912-இல் இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம் பிறந்தது. 1954-இல் இந்திய நற்செய்தி மாணவர் ஐக்கியமான யு.இ.எஸ்.ஐ. உருவானது, அதன் முதல் பொதுச்செயலாளர் பி.டி. சந்தாபிள்ளை. கல்லூரிக்குள் சாட்சி சொல்ல வேண்டியவர் அங்கே படிக்கும் மாணவரே என்பது அதன் அடிப்படை. எனக்கு அது இன்றும் சரியாகவே படுகிறது.

ஆனால் வரவேற்பின் உண்மையான சோதனை ராகிங் காலத்தில் வந்தது. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்டார். 1997-இல் தமிழக அரசு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. சீனியரைக் கண்டாலே ஜூனியர் ஒதுங்கிய அந்த நாட்களில், விடுதி வாசலில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்து, மெஸ் எங்கே, எந்தப் பஸ் ஏறவேண்டும் என்று சொன்ன அண்ணனும் அக்காவும் பெரிய ஊழியம் செய்தார்கள். ஜெபக்கூட்ட அழைப்பு அதற்குப் பிறகுதான்.

மணப்பாறையிலிருந்தும் துறையூரிலிருந்தும் குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைகள் வருகிறார்கள். எந்தச் சபை, எந்த மதம் என்று கேட்காமல் முதலில் சாப்பிட்டாயா என்று கேளுங்கள், தம்பிகளே.